வீட்டில் செய்யும் கிளீனர்: நிஜமாகவே மிச்சமாகிறதா?

மதுரைமல்லி:
தோழிகளே, மாத மளிகைச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாத்திரத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, பாத்ரூமுக்கு இரண்டு என்று பாட்டில்களே பாதியை நிறைத்திருக்கும். எங்கள் வீட்டில் இவற்றில் பெரும்பாலானவற்றை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. ஜூஸ் பிழிந்த சாத்துக்குடித் தோலும் எலுமிச்சைத் தோலும் பயோ என்சைம் என்கிற புளிக்கவைத்த கரைசலுக்குப் போய்விடும். வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம் ஊற வேண்டும். தரை துடைக்க அதுதான். பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டை, குத்துவிளக்குக்குப் புளி, துடைக்க அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை. கடைப் பாட்டில் இல்லாமலே வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கலாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

ஆய்வகவாசி:
புளியும் பூந்திக்கொட்டையும் சரி. புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது, பித்தளையில் படிந்த கறுப்பைக் கரைத்துவிடும். பூந்திக்கொட்டையில் சபோனின் இருக்கிறது, அதனால்தான் நுரைக்கிறது, அழுக்கையும் எடுக்கிறது. இந்த நம்பிக்கையை எல்லாவற்றுக்கும் நீட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

யூடியூபில் சுற்றும் பாத்திர லிக்விடை எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைத் தோலை வேகவைத்து அரைத்து, உப்பும் வினிகரும் சேர்த்து வடிகட்டுவார்கள். எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் பொருள் அதில் எதுவுமே இல்லை. வாணலி சுத்தமாவது தேய்க்கிற கையின் பலத்தால். இன்னொன்று, ஆப்ப சோடாவையும் வினிகரையும் சிங்க்கில் கொட்டிப் பொங்க வைப்பது. பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. அது அடங்கியதும் மிஞ்சுவது கொஞ்சம் சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர், அவ்வளவுதான். காரத்தையும் அமிலத்தையும் சேர்த்தால் ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே உதவும்.

போர்தண்ணி:
நான் தென்சென்னை, முழுக்க போர் தண்ணீர்தான். குழாய், ஷவர், பக்கெட் எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றிக் கொஞ்ச நேரம் விட்டுத் தேய்த்தால் போய்விடுகிறது. பிழிந்த எலுமிச்சை மூடியாலும் ஓரளவு போகும். இதற்குப் போய் ஆசிட் வாங்கி ஊற்றுகிறார்கள். கறையோடு டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டும் அரித்துப் போகிறது. இந்த ஒரு விஷயத்தில் மல்லி அக்கா பக்கம் நிற்கிறேன்.

ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரையும் வீணாக்காதீர்கள். டாய்லெட்டில் ஊற்றலாம், பாத்திரத்தின் முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்ளலாம். பளபளப்பான தரைக்கும் கண்ணாடிக்கும் மட்டும் வேண்டாம், உப்பு அதிகம் என்பதால் காய்ந்ததும் திட்டுத் திட்டாகத் தெரியும்.

ஆத்தங்குடிவீடு:
மல்லி, தரை துடைக்க என்சைம் என்று பொதுவாக எழுதாதீர்கள், தரையில் பல வகை உண்டு. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. என்சைம் என்கிறீர்களே, அது புளித்த கரைசல், அதிலும் அமிலம்தான் இருக்கிறது. சிமெண்ட் கல், மார்பிள், மொசைக் மூன்றையும் அமிலம் மங்கடித்துவிடும். எங்கள் பூர்வீக வீட்டில் குடியிருந்தவர்கள் யாரோ சொன்னதைக் கேட்டு எலுமிச்சைக் கரைசலால் துடைத்துத் துடைத்து, கூடத்தின் ஒரு பக்கமே வெளுத்துவிட்டது. தாத்தா பார்த்துப் பார்த்துப் போட்ட தரை. அதற்கு வெறும் தண்ணீர் போதும், எப்போதாவது துளி தேங்காய் எண்ணெய் தொட்ட துணி.

ஏழரைமணிபஸ்:
விலையை எல்லோரும் பேசுகிறீர்கள், நேரத்தை யாரும் பேசவில்லை. தோலைச் சேர்த்து வைப்பது, நறுக்குவது, தினமும் மூடியைத் திறந்து மூடுவது, மூன்று மாதம் கழித்து வடிகட்டுவது, சக்கையை உரத்துக்குக் கொண்டு போவது. பூந்திக்கொட்டையை உடைத்து ஊறவைத்துப் பிசைவது. இதெல்லாம் யார் செய்கிறார்கள்? காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, டப்பா கட்டி, ஏழரை பஸ் பிடித்து, இரவு திரும்பி வருகிற பெண் செய்ய வேண்டும். குடும்பத்தின் சிக்கனம் என்று பெயர், உழைப்பு அவள் ஒருத்தியுடையது. பத்து ரூபாய் பாத்திர சோப்புக் கட்டி எனக்கு அரை மணி நேரத் தூக்கத்தைத் தருகிறது என்றால் அதுதான் என் சிக்கனம். வீட்டு ஆண்கள் தோல் நறுக்க உட்காரட்டும், அப்புறம் இந்த விவாதத்துக்கு வருகிறேன்.

மதுரைமல்லி:
ஒவ்வொருவராகச் சொல்கிறேன்.

ஆத்தங்குடி தோழி, எங்கள் வீட்டில் சூளையில் சுட்ட வெட்ரிஃபைட் டைல்ஸ். சிமெண்ட் தரைக்காரர்கள் நீங்கள் சொன்னபடியே செய்யட்டும்.

ஆய்வகவாசி சார், அந்தப் பாத்திர லிக்விடை நான் சொல்லவே இல்லை. பிசுக்குப் பாத்திரத்துக்கு எங்கள் வீட்டில் அடுப்புச் சாம்பல் இருந்தது. சாம்பலில் காரம் உண்டு, எண்ணெயோடு சேர்ந்து பிசுக்கை எடுத்துவிடும். இப்போது விறகடுப்பு இல்லை, அதனால் சீயக்காய்த் தூளும் அரப்பும்.

ஏழரைமணிபஸ் தங்கச்சி, உன் கோபம் நியாயம்தான். ஆனால் அதில் பாதி வேலை தேவையே இல்லாத வேலை என்பதையும் பார். தினமும் கிருமி நாசினி ஊற்றித் தரை துடைக்காவிட்டால் பிள்ளைக்கு நோய் வந்துவிடும் என்று யார் நம்மைப் பயமுறுத்தியது? நம் தரையில் பெரும்பாலும் இருப்பது தூசியும் முடியும். நல்ல நூல் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும். சேலையை நான்காக மடித்துத் தைத்தால் மாப், இன்னும் கிழிந்தால் கரித்துணி, அதற்கும் அப்புறம் மிதியடி. இதற்கு மூன்று மாதம் ஊறவைக்கத் தேவையில்லை. பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிக்கொள்கிறார்கள்.

வார்டுஅக்கா:
ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள் என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். சாதாரண நாளில் தண்ணீரும் துணியும் போதும் என்று மல்லி சொன்னது சரிதான். ஆனால் வீட்டில் ஒருவருக்கு வாந்தி பேதி என்றால் என்சைமையும் வினிகரையும் நம்பாதீர்கள். அப்போது பிளீச்சிங் பவுடர் கரைசல்தான். பாக்கெட் திறந்து நாளாகிவிட்டால் குளோரின் வீரியம் குறைந்துவிடும், கொஞ்சமாக வாங்குங்கள். அதை டாய்லெட் ஆசிட்டோடும் வினிகரோடும் எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

இதைவிட எனக்குப் பயம் தருவது மறுபயன்பாடுதான். பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிறார்கள். குழந்தை தாகத்தில் எடுத்துக் குடித்துவிடும். உங்கள் என்சைமும் ஆரஞ்சு ஜூஸ் நிறத்தில்தான் இருக்கிறது, மல்லி. எதை மிச்சம் பிடித்தாலும் பாட்டிலில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மதுரைமல்லி:
எங்கள் வீட்டில் அது கேனில் இருக்கிறது, மேல் அலமாரியில். ஆனாலும் பெயரெழுதி ஒட்டிவிடுகிறேன் அக்கா.

போர்தண்ணி:
பொரித்த எண்ணெயில் சோப்பு செய்வது பற்றி யாராவது சொல்லுங்களேன். ஊற்றிவிட மனசு வரவில்லை.

ஆய்வகவாசி:
செய்யலாம், ஆனால் அதற்கு வேண்டிய காஸ்டிக் சோடா கடுமையான காரம், விளையாட்டுப் பொருள் அல்ல. தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாமேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது, அரித்துக்கொண்டு ஹைட்ரஜன் வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. வார்த்த பிறகு குறைந்தது நான்கு வாரம் வைத்திருங்கள். துணிக்கும் தரைக்கும் ஆகும், உடம்புக்கு வேண்டாம். உங்கள் போர் தண்ணீரில் அந்த சோப்பு திரிந்து வெள்ளையாகப் படியும், தேங்காய் எண்ணெய் கலந்தால்தான் கொஞ்சமாவது நுரைக்கும். இத்தனை பாடு வேண்டாம் என்றால் எண்ணெயை அளவாக ஊற்றிப் பொரியுங்கள். அதில் வரும் மிச்சம்தான் பெரிது.

ஏழரைமணிபஸ்:
மல்லி அக்கா, கரித்துணியும் பால் கவரும் எனக்குச் சம்மதம். அதற்கு நேரமும் பிடிக்காது, காசும் போகாது. என் பங்குக்கு ஒன்று: பாத்திர சோப்பைப் பாதியாக வெட்டி, ஓட்டை உள்ள டப்பாவில் வைத்தால் தண்ணீரில் ஊறிக் கரையாமல் கூடுதல் நாள் வரும். வாஷிங் மெஷினில் அளவுக் கரண்டி வைத்துப் போட்டால் பவுடரும் மிச்சமாகும், துணியில் வெள்ளைத் திட்டும் வராது. ஆனால் சீயக்காயில் பாத்திரம் தேய்க்க மாட்டேன். அந்தத் தூள் சிங்க் குழாயை அடைத்து, அதைக் குத்தி எடுக்கிற வேலையும் என் தலையில்தான் விழும்.

மதுரைமல்லி:
சிங்க்கில் வலை போட்டால் அடைக்காது. சக்கை செடிக்கு ஆகும்.

ஏழரைமணிபஸ்:
வலையைத் தட்டிக் கழுவுவது யார் அக்கா? அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

மதுரைமல்லி:
எங்கள் வீட்டில் என் மகன். கரித்துணி துவைப்பதும் அவன்தான். இந்த இழையில் எழுதுகிற ஆண்களும் தங்கள் வீட்டில் யார் செய்கிறார்கள் என்று சொல்லட்டும்.