ஏரி, கிணறு, அலையாத்திக் காடு: அரசுத் தரவை வைத்துப் பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுராந்தகம் பக்கம்:

லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை அமெரிக்க அரசு 2008-இல் இலவசமாகத் திறந்துவிட்டது. அதற்கு முன் காசு கட்டித்தான் வாங்க வேண்டும். இப்போது நம் ஊர் ஏரி முப்பது வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். எங்கள் ஊர் ஏரிக்கு அப்படி ஒரு வரிசை தயார் செய்தேன். படங்கள் சொன்னதைவிட, அவற்றைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர் நீர்க்கட்டி (ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு விடுபவர்) சொன்னதுதான் எனக்குப் பெரிய பாடம்.

செய்முறை கடினமில்லை. தண்ணீர் பச்சை ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை அநேகமாக விழுங்கிவிடும். இந்த இரண்டு ஒளிப் பட்டைகளையும் ஒப்பிட்டால் தண்ணீர் தனியாகப் பிரிந்துவிடும். படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், நம் கணக்கில் சுமார் 22 சென்ட். நீர்க் கட்டங்களை எண்ணினால் ஏக்கர் கிடைத்துவிடும். ஜனவரி படங்களாகப் பார்த்து எடுத்தேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மேகம் விலகியிருக்கும், ஏரியிலும் நீர் இருக்கும். ஒரு எச்சரிக்கை: 2003 மே மாதக் கடைசியில் லேண்ட்சாட் 7-இல் ஒரு கருவி பழுதானதால் அதன் பிறகு வந்த படங்களில் கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். லேண்ட்சாட் 5 படம் எடுப்பது 2011 நவம்பரில் நின்றது, லேண்ட்சாட் 8 கிளம்பியது 2013-இல். அதனால் 2012-க்கு அந்தக் கோடு போட்ட படங்களை விட்டால் வேறு வழியில்லை.

நீர்க்கட்டி எழுபதைத் தாண்டியவர். மதகைத் திறப்பதும் கடைமடை வரை முறை வைத்துத் தண்ணீர் விடுவதும் அவர் குடும்பத்துக்குத் தலைமுறை வேலை. கரையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். 2015 வெள்ளத்துக்கு அடுத்த ஜனவரிப் படத்தைப் பார்த்ததும், "கலங்கல் வழிஞ்ச வருஷம்" என்றார். ஏரி நிறைந்தால் மிச்ச நீர் வெளியேறும் வழிதான் கலங்கல். சரியாக இருந்தது. அதற்கும் சில வருஷம் தள்ளி, நீர்ப்பரப்பு பாதியாகச் சுருங்கிய படம் வந்தது. "மழை குறைந்துவிட்டதா ஐயா?" என்றேன். "தண்ணி இருந்துச்சு தம்பி. ஆகாயத்தாமரை மூடிக்கிச்சு" என்றார். இலை அகச்சிவப்பைப் பலமாகத் திருப்பி அனுப்பும். அதனால் கணினிக் கணக்கில் அந்த இடமெல்லாம் நிலமாகிவிட்டது. அந்தத் தேதிப் படத்தைத் தாவரத்தைக் காட்டும் அகச்சிவப்புப் பட்டையோடு சேர்த்துப் பார்த்தேன், அவர் கைகாட்டிய மூலையிலேயே அடர்ந்த பச்சை.

இன்னொன்றும் சொன்னார். பழைய நிறைந்த வருஷமும் புதிய நிறைந்த வருஷமும் படத்தில் ஒரே அளவு. ஆனால் முன்பெல்லாம் பங்குனி வரை மதகில் தண்ணீர் போகுமாம், இப்போது மாசியிலேயே நின்றுவிடுகிறதாம். மதகுக் கல்லுக்குப் பக்கத்தில் கம்பை ஊன்றிக் காட்டினார். முழங்கை நீளத்துக்கு வண்டலுக்குள் இறங்கியது. செயற்கைக்கோளுக்குத் தெரிவது நீரின் அகலம் மட்டும்தான், ஆழம் தெரியாது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7% கூடுதல் ஈரத்தைத் தாங்கும், மழையும் கொட்டினால் கொட்டோ கொட்டென்று கொட்டும். தூர்ந்துபோன ஏரி அதைப் பிடித்து வைக்க முடியாமல் கலங்கல் வழியே விட்டுவிடும். வெள்ளமும் வறட்சியும் ஒரே வருஷத்தில் வருவது இப்படித்தான்.

இப்போது என் அட்டவணையில் ஏக்கருக்குப் பக்கத்தில் "நீர்க்கட்டி சொன்னது" என்று ஒரு பத்தி இருக்கிறது. அது இல்லாமல் அந்த எண்களை யாருக்கும் அனுப்புவதில்லை.

ஒட்டன்சத்திரம்:

அண்ணா எழுதியதைப் படித்ததும் கிணறு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடு முழுக்க கண்காணிப்புக் கிணறுகளில் வருஷத்துக்கு நான்கு முறை நீர்மட்டம் அளக்கிறது. இந்திய நீர்வளத் தகவல் தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வட்டாரத்துக்கு எடுத்து ஒவ்வொரு வருஷத்துக்கும் சராசரி போட்டேன். கோடு மெல்ல மேலே ஏறியது. நீர்மட்டம் தேறி வருகிறதாம்! வீட்டுக்கு வெளியே வந்தால், ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிச் சத்தம் ராத்திரியெல்லாம் கேட்கிறது.

அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். அவர் பார்த்தது எண்களை அல்ல, காலிக் கட்டங்களை. "இந்தக் கிணறு வத்திப்போச்சு, அதான் எழுதல" என்று ஒன்றைக் காட்டினார். அப்புறம் இன்னொன்று. வற்றிய கிணற்றில் அளக்க நீர்மட்டம் ஏது? அந்த இடம் காலியாகிவிடும். மிச்சமிருப்பது தண்ணீர் உள்ள கிணறுகள் மட்டும், சராசரி தானாகவே நன்றாகிவிடும். தென்னிந்தியாவில் நிலத்தடி நீர் மீண்டு வருவதாகச் சொன்ன கணக்குகளை 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதே காரணத்தைச் சொல்லித்தான் கேள்வி கேட்டது. அப்பா அந்த ஆய்வைப் படித்தவரில்லை. எந்தத் தோட்டத்துக் கிணறு எந்த வருஷம் கைவிட்டது என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது காலிக் கட்டத்தைத் தூக்கி எறிவதில்லை. எத்தனை கிணறு காலி என்பதையே தனிக் கோடாகப் போடுகிறேன். 2016, 2017 வறட்சியில் அந்தக் கோடு செங்குத்தாக ஏறுவதைப் பார்த்தால் சராசரிக் கோட்டை நம்பவே மனசு வராது.

முத்துப்பேட்டை:

என் அனுபவம் சின்னது. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறியபோது எங்கள் அலையாத்திக் காட்டுக்குப் பலத்த அடி. ஐரோப்பிய ஒன்றியத்தின் சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புயலுக்கு முந்தையதையும் பிந்தையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அடர்பச்சை பழுப்பானது சின்னப் பிள்ளைக்கும் புரியும். பிற்பாடு வந்த படங்களில் சில திட்டுகளில் பச்சை திரும்பியது. சந்தோஷமாகப் படகுக்காரர் ஒருவரிடம் காட்டினேன். அழைத்துப் போய் இறக்கிவிட்டார். ஒரு திட்டு உண்மையிலேயே அலையாத்திக் கன்று. இன்னொன்று முழுக்க உமரி. உப்பு ஏறிப்போன மண்ணில் உமரி படர்ந்துவிடும், ஆனால் இறாலும் நண்டும் ஒதுங்க அது அலையாத்தியின் வேர்க்காடு ஆகாது. இரண்டும் படத்தில் பச்சைதான். காவிரி நன்னீர் வரத்து குறையக் குறைய எந்தச் செடி ஜெயிக்கும் என்பதுதான் எங்களுக்குக் கேள்வி.

சிவகங்கை:

மதுராந்தகம் அண்ணனுக்கு ஒரு கேள்வி. மேகம் மூடிய நவம்பர், டிசம்பருக்கு என்ன செய்கிறீர்கள்? எங்களுக்குக் கண்மாய் நிறைவதே அப்போதுதான்.

மதுராந்தகம் பக்கம்:

சென்டினல்-1 ரேடார் படம் எடுங்கள். மேகத்தைத் துளைத்துப் பார்க்கும், அசையாத தண்ணீர் கறுப்பாகத் தெரியும். ஆனால் ஆகாயத்தாமரைக்கு ரேடாரிலும் மருந்தில்லை. அதற்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

சிவகங்கை:

நன்றி அண்ணா. 2023-இல் வெளியான முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 24,24,540 நீர்நிலைகள், தமிழ்நாட்டில் மட்டும் 1,06,957. அதில் எங்கள் ஊராட்சிப் பகுதியை எடுத்து, ரேடார் படத்தோடு ஒட்டி, மார்ச் 22 கிராம சபைக்குக் கொண்டுபோகப் போகிறோம். தாளில் ஒவ்வொரு கண்மாய்க்கும் ஊருணிக்கும் பக்கத்தில் கோடு போட்டு இடம் விடுகிறோம். வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று ஆடு மேய்ப்பவர்கள் சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்ளலாம். மடைத் திறப்பு பார்த்த பெரியவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களை முன் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன்.