உதவி: வாட்டர் மீட்டருக்கு மாறலாமா, இப்போதுள்ள ஒரே கட்டணத்திலேயே இருக்கலாமா?

மல்லிகைப்பந்தல்:

வணக்கம். எங்கள் வீட்டில் தண்ணீர் எவ்வளவு செலவானாலும் மாதம் ஒரே கட்டணம்தான். விருப்பப்பட்டால் மீட்டருக்கு மாறலாம் என்று இப்போது கடிதம் வந்திருக்கிறது. வீட்டில் ஐந்து பேர்: நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், என் அம்மா. அம்மா எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். விரிப்பும் துணியும் தினமும் துவைத்தாக வேண்டும்.

மாறினால் மிச்சமாகும் என்கிறார் கணவர். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அம்மாவைக் குளிப்பாட்டும்போது, மீட்டர் ஓடுகிறதே என்று கை சுருங்கிவிடக் கூடாது. ஆனால் ஒரு நாளைக்கு எங்களுக்கு எவ்வளவு தண்ணீர் ஆகிறது என்றே தெரியாமல் எதை வைத்து முடிவெடுப்பது? மாடியில் 1000 லிட்டர் டேங்க் ஒன்று இருக்கிறது. மீட்டர் இல்லாமலே அளக்க வழி உண்டா?

பழையகுழாய்:

டேங்க் இருக்கிறதே, அதுவே உங்கள் மீட்டர். காலையில் நிரம்பியதும் உள்ளே வரும் குழாயின் வால்வை மூடிவிடுங்கள். ஒரு நீளக் குச்சியை அடிவரை நேராக விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி அளந்தால், குறைந்த உயரம் தெரிந்துவிடும். டேங்க்கின் உள் விட்டம் 1.1 மீட்டர் என்றால் ஒரு செ.மீ. இறங்கினால் ஏறத்தாழ 9.5 லிட்டர் போயிருக்கிறது.

அப்புறம், இரவில் எல்லோரும் படுத்த பிறகு ஒரு முறை, விடியற்காலையில் யாரும் எழுவதற்கு முன் ஒரு முறை அளந்து பாருங்கள். யாருமே தொடாதபோது மட்டம் இறங்கியிருந்தால் எங்கேயோ கசிகிறது என்று பொருள். இதைப் பார்க்காமல் மீட்டருக்கு விண்ணப்பம் போடவே போடாதீர்கள்.

தாழ்வாரம்:

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யுங்கள். நாங்கள் செய்யாமல் மாட்டிக்கொண்டோம். மீட்டர் வைத்த முதல் மாதமே பில் தாறுமாறாக வந்தது. பிள்ளைகள் அதிகம் குளிக்கிறார்கள் என்று அவர்களைத் திட்டினேன். பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. மாடி டேங்க்கிலிருந்து இறங்கித் தரைக்கடியில் போகும் குழாயில் விரிசல். மீட்டரைத் தாண்டிய குழாய் பெரும்பாலும் வீட்டுக்காரர் பொறுப்பு. அதில் கசிந்ததும் நம் கணக்கில்தான் சேரும். மூன்று மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம்.

கணக்குநோட்டு:

முடிவெடுக்க ஒரு கணக்கு போதும். இப்போது மாதம் கட்டும் தொகையிலிருந்து, மீட்டர் வைத்தால் எப்படியும் கட்ட வேண்டிய மாதாந்திரக் கட்டணத்தைக் கழியுங்கள். மீதியை ஒரு யூனிட் விலையால் வகுங்கள். வருவதுதான் உங்கள் எல்லை யூனிட். செலவு அதற்குக் கீழே இருந்தால் மாறுவது லாபம், மேலே போனால் நஷ்டம்.

பல இடங்களில் கழிவுநீர்க் கட்டணமும் அதே மீட்டர் கணக்கில்தான் வரும். அப்படியானால் அதையும் யூனிட் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட அளவு தாண்டினால் விலை ஏறும் படிநிலை முறையா என்றும் பாருங்கள். ஒரு யூனிட் என்றால் 1000 லிட்டர்தானா என்பதையும் கடிதத்தில் சரிபாருங்கள்.

மல்லிகைப்பந்தல்:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் டேங்க்கின் விட்டமும் சரியாக 1.1 மீட்டர்தான். ஒரு நாளில் 69 செ.மீ. இறங்கியது, அதாவது 655 லிட்டர். இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிக்குள் 4 செ.மீ. குறைந்திருக்கிறது! அந்த நேரத்தில் யாரும் எழவில்லை. அம்மா பக்கத்தில்தான் நான் படுத்திருந்தேன், எனக்குத் தெரியும். குழாய்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், ஒரு சொட்டுகூட இல்லை.

பழையகுழாய்:

ஆறு மணி நேரத்தில் 38 லிட்டர். ஒரு நாளைக்கு 150 லிட்டருக்கு மேல். ஈரமும் தெரியவில்லை, சத்தமும் இல்லை என்றால் முதலில் கழிப்பறை ஃப்ளஷ் டேங்க்கைத்தான் சந்தேகப்படுவேன். அதில் உணவுக்குப் போடும் சாய நிறத்தைக் கொஞ்சம் ஊற்றி, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளேயிருக்கும் ரப்பர் அடைப்பான் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றுவது சின்ன வேலைதான்.

மல்லிகைப்பந்தல்:

பத்தே நிமிடத்தில் கோப்பையின் பின்சுவரில் மெல்லிய சிவப்புக் கோடு இறங்கியது. அம்மா அறையை ஒட்டிய கழிப்பறை. பிளம்பர் கழற்றிக் காட்டினார்: ரப்பரின் ஒரு ஓரம் சுருண்டு, விரல் வைத்தால் கறுப்பாக ஒட்டியது. மாற்றிவிட்டோம். நேற்று இரவு டேங்க் மட்டம் அசையவே இல்லை.

இத்தனை நாளும் அம்மா துணியால்தான் இவ்வளவு தண்ணீர் போகிறது என்று வீட்டில் பேச்சு இருந்தது. அம்மா காதிலும் அது விழுந்திருக்கும். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அடைப்பான் மாற்றிய பிறகு நாலு நாள் அளந்ததில் சராசரி 53 செ.மீ. நாளைக்கு ஏறத்தாழ 504 லிட்டர், 30 நாளுக்கு 15 யூனிட் சொச்சம். எல்லை யூனிட் 17 வருகிறது. அப்போ மாறலாம்தானே?

கணக்குநோட்டு:

ஒரு நிமிடம். சமையலறைக் குழாயும் டேங்க்கிலிருந்துதான் வருகிறதா? பல வீடுகளில் அது நேராகத் தெருக்குழாயிலிருந்து வரும். அப்படியானால் அந்தத் தண்ணீர் உங்கள் குச்சி அளவில் சேரவில்லை.

மல்லிகைப்பந்தல்:

ஆமாம், நேர்க்குழாய்தான்! எனக்குத் தோன்றவே இல்லை. இன்று முழுக்கக் குடத்தில் பிடித்து அளந்தேன். 40 லிட்டர். அப்படியானால் மொத்தம் 544, மாதம் 16.3 யூனிட்.

கணக்குநோட்டு:

எல்லைக்கு முக்கால் யூனிட்கூட இடைவெளி இல்லை. வாஷிங் மெஷினில் தினம் இன்னொரு தடவை துவைக்க வேண்டி வந்து அதற்கு 50 லிட்டர் ஆகிறது என்று வையுங்கள். மாதம் 1.5 யூனிட் கூடும், எல்லையைத் தாண்டிவிடும். அம்மாவின் தேவை இனிமேல் கூடுமா குறையுமா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்போது மாற மாட்டேன்.

ஓடைக்கரை:

விட்டு விட்டுத் தண்ணீர் வரும் இடமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. தண்ணீர் திறக்கும்போது குழாயில் அடைபட்ட காற்று முதலில் தள்ளிக்கொண்டு வரும். சக்கரம் சுழலும் மீட்டர் அந்தக் காற்றையும் கொஞ்சம் எண்ணிவிடும். முக்கால் யூனிட் இடைவெளி அதிலேயே கரைந்துபோகலாம்.

தாழ்வாரம்:

மாறினால் பழைய கட்டணத்துக்குத் திரும்ப முடியுமா, முடியும் என்றால் எத்தனை மாதத்துக்குள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள். எங்களுக்குத் திரும்ப வழியே இல்லாமல் போயிற்று.

மல்லிகைப்பந்தல்:

கேட்டுவிட்டேன். ஒருமுறை மாறினால் திரும்ப முடியாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். கணவரிடம் நோட்டைக் காட்டினேன். அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போதைக்கு மாறவில்லை. இனி மாதம் ஒரு இரவு டேங்க்கை அளப்பது அவர் வேலை.

இன்று மதியம் அம்மாவைக் குளிப்பாட்டினேன். “போதும்மா, தண்ணி வீணாகுது” என்றார் வழக்கம்போல. ரப்பர் விஷயத்தைச் சொன்னேன். இன்னொரு சொம்பு ஊற்றச் சொன்னார்.