அப்பாயியின் பாஸ்போர்ட் படத்துக்கு நான் உட்கார்ந்தபோது

முன்னோரின் பழைய படத்தில் இருப்பது மாதிரியே உடுத்தி, உட்கார்ந்து, தங்களைத் தாங்களே படமெடுத்துப் பார்த்தவர்கள் எழுதியதையெல்லாம் ஆசையாகப் படித்தேன். பலர் வீட்டில் ஸ்டுடியோவில் எடுத்த கல்யாணப் படங்கள் இருக்கின்றன. எங்கள் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, இளவயதில் எடுத்தது ஒரே ஒரு படம்தான், அதுவும் இலங்கையை விட்டு வருவதற்காக 1971இல் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது.

அப்பாயி பிறந்தது இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில். புதுக்கோட்டைப் பக்கமிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிப்போன குடும்பம். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களைப் போன்ற தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் வீடு இந்தியப் பங்கில் வந்தது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் கோத்தகிரி. அங்கே இருந்தவரை இந்தியாக்காரர்கள், இங்கே வந்ததும் சிலோன்காரர்கள்.

தன் உடம்பையே வைத்துப் பழைய படத்தைத் திரும்ப எடுக்கலாம் என்ற எண்ணம் பெங்களூரு கலைஞர் புஷ்பமாலாவின் படங்களைப் பார்த்த பிறகு வந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் மனிதர்களை அளவெடுக்கப் பிடித்த படங்களின் பாணியில், சதுரக் கட்டம் போட்ட திரைக்கு முன் நீலகிரிப் பழங்குடியான தோடர் பெண்ணாக அவரே நின்றிருப்பார். நீலகிரியில் வளர்ந்த எனக்கு அது சட்டென்று உறைத்தது. அப்பாயியின் படமும் ஓர் அலுவலகம் கேட்டதால் எடுத்ததுதானே.

ஜன்னல் வெளிச்சம் முகத்தில் நேராக விழும்படி முக்காலி போட்டேன். பின்னால் வெள்ளை வேட்டி, எதிரே ஸ்டாண்டில் போன், பத்து விநாடி டைமர். வேடிக்கை பார்க்க அத்தை வந்து உட்கார்ந்தார். அப்பாயி படமெடுக்கப் போன அன்று அத்தையும் கூடப் போனவர்.

“படத்துல இருக்குற அந்தச் சேலை நம்மளது இல்ல புள்ள” என்று ஆரம்பித்தார். பக்கத்துக் காம்பரா (லயத்து அறை) அக்காவுடையதாம். அன்றைக்குப் படத்துக்குப் போன பெண்கள் எல்லாரும் அதையே மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்களாம். காதில் தோடு இல்லையே என்றேன். “அடகுல இருந்துச்சு. மீட்டுக்கிட்டுத்தான் கப்பலேறினோம்.” இத்தனை வருஷத்தில் இதையெல்லாம் அத்தை சொல்லிக் கேட்டதே இல்லை. கேள்வி கேட்டால் “அதெல்லாம் எதுக்கு இப்ப” என்று எழுந்து போய்விடுகிறவர், எதிரே நான் அதே மாதிரி உட்கார்ந்ததும் விடாமல் பேசினார்.

படத்தைக் காட்டினேன். மூக்கும் நெற்றியும் அப்படியே இருக்கிறது என்றார், ஆனால் கழுத்து சரியில்லை என்றார். அப்பாயியின் கழுத்து முன்னால் கொஞ்சம் நீண்டிருக்கும். எவ்வளவு முயன்றும் எனக்கு அது வரவில்லை. அத்தை உள்ளே போய்த் தன் பழைய கொழுந்துக் கூடையை எடுத்துவந்து, அதில் அரிசிப் பையை வைத்து, கயிற்றை என் உச்சந்தலையில் மாட்டிவிட்டார். கொஞ்ச நேரம் நடக்கச் சொன்னார். தலையை முன்னால் கொடுத்தால்தான் பின்னால் இழுக்கிற பாரத்தைத் தாங்க முடிகிறது. கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தபோதும் கழுத்து உடனே நிமிரவில்லை. அத்தை “இப்ப எடு” என்றார். அதுதான் நான் வைத்துக்கொண்ட படம்.

கொழும்பில் பிளாட்டே போன்ற ஸ்டுடியோக்கள் அந்தக் காலத்தில் விற்ற தபால் அட்டைகளில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் நிறைய வருவார்கள். கீழே என்ன இனம், என்ன வேலை என்று இருக்கும், பெயர் இருக்காது. அப்படிக் கூடையோடு சிரித்தபடி ஒன்று எடுக்கலாமா என்று கேட்டதற்கு அத்தை ஒரே வார்த்தையில் “வேணாம்” என்றார். நானும் விட்டுவிட்டேன். என் படத்துக்குக் கீழே அப்பாயியின் முழுப்பெயரையும் அவர் பேர் பதிந்திருந்த தோட்டத்தின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.

செயலியில் முகத்தை மாற்றி ஒட்டினால் இதே படம் நொடியில் கிடைக்கும் என்று தம்பி சொன்னான். கிடைக்கும், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைத் திருத்த அதற்கு அத்தை தேவைப்பட மாட்டார். வீட்டுப் பெரியவர்கள் பேசத் தெம்போடு இருக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள். இன்னொரு போனில் பேச்சையும் பதிவுசெய்யுங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

ஹட்டன் பக்கமிருந்து அந்த வருஷங்களில் வந்த குடும்பத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், வீட்டில் இருக்கும் பழைய பாஸ்போர்ட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். கரையில் இரட்டைக் கோடும் நடுவில் சின்னச் சின்ன வைரக் கட்டமும் போட்ட சேலை. உங்கள் பாட்டியும் அதைக் கட்டியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள், அத்தைக்கு அவர்களைத் தெரிந்திருக்கும்.