ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட முடியவில்லை: அடுத்து என்ன?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா): கடைத் திருட்டு வழக்கு. 1000 ராண்ட் ஜாமீன். கட்ட வழியில்லாமல் ஆள் வெஸ்ட்வில் சிறையில். தொகையைக் குறைக்கக் கேட்கலாமா?

பதில் 1: கேட்கலாம் அண்ணே. 1977 குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 63. அடுத்த வாய்தா வரை காத்திருக்க வேண்டாம். லீகல் எய்டு (இலவசச் சட்ட உதவி) வக்கீலிடம் சம்பளச் சீட்டு, வாடகை ரசீதைக் கொடுங்கள். பணம் கட்டச் சொல்லுமுன் கட்டும் சக்தியைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 60(2B). அவசரத்தில் பல கோர்ட்டுகள் அதைத் தாண்டிவிடும். அதையே வாதமாக வையுங்கள். முகவரியைப் போலீஸ் சரிபார்க்காவிட்டால் மனு இழுத்துக்கொண்டே போகும். வீட்டில் யாராவது இருக்கட்டும்.

பதில் 2: சிறையில் நெரிசல் மிஞ்சினால், இந்த மாதிரி சிறு வழக்குகளில் சிறை அதிகாரியே அதே சட்டத்தின் பிரிவு 63A-இல் கோர்ட்டில் மனுப் போடலாம். சட்டம் நல்லதுதான், யாராவது தள்ளினால்தான் நகரும்!

பதில் 3: வழக்கு காரணமின்றித் தள்ளிப்போனால் அதே சட்டத்தின் பிரிவு 342A உதவும். தாமதம் நியாயமில்லை என்று கண்டால் கோர்ட் மேற்கொண்டு வாய்தா மறுக்கலாம், பட்டியலிலிருந்தே நீக்கலாம். ஒவ்வொரு வாய்தாவின் தேதியையும் காரணத்தையும் குறித்து வையுங்கள், "டாக்கெட் (போலீஸின் வழக்குக் கோப்பு) வரவில்லை" உட்பட. விசாரணைக் கைதியை 2 ஆண்டுக்கு மேல் வைக்க, விஷயம் கோர்ட்டின் கவனத்துக்குப் போயிருக்க வேண்டும். அது சிறைச் சட்டம், பிரிவு 49G.

பதில் 1: ஜாமீன் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். நிபந்தனை மீறாவிட்டால், தீர்ப்பு எதுவானாலும் பணம் திரும்பும்.