எங்கட பிளாட், வெள்ளவத்தை (குழு)

*3ஆம் மாடி ரீச்சர், 7.12*
உங்கட வீடுகளிலயும் இப்ப வைஃபை இழுக்குதோ? மகளுக்கு ஓ.எல். கணக்கு வகுப்பு சூமில நடக்குது. சேர் எழுதிற கை அப்பிடியே நிண்டு போகுது, குரல் அறுந்து அறுந்து வருது. பிள்ளை அழுதுகொண்டிருக்கிறாள்.

*4ஆம் மாடி அன்ரி, 7.14*
இஞ்சயும் அப்பிடித்தான் பிள்ளை. ஆறரைக்குப் பிறகு ரிவியில அந்த வட்டம் சுத்திக்கொண்டே நிக்கும். காலமையில ஒரு கரைச்சலும் இல்லை.

*தரைமாடி மாமா, 7.15*
லைன் பிழையாத்தான் இருக்கும். கொம்பனிக்கு எடுத்துச் சொல்லுங்கோ.

*3ஆம் மாடி ரீச்சர், 7.17*
மூண்டு தரம் எடுத்திட்டன் மாமா. தங்கட பக்கம் எல்லாம் சரியாம். எடுத்தது 100 எம்பிபிஎஸ் வேகப் பக்கேஜ், அறைக்குள்ள ஸ்பீட் ரெஸ்ட் அடிச்சா 6, 9, 4 எண்டு வருது.

*2ஆம் மாடி தம்பி, 7.19*
ரீச்சர், முதல் லைனையும் வைஃபையையும் பிரிச்சுப் பாப்பம். லப்டொப்பை லான் வயரால நேர ரூட்டரில குத்தி அடியுங்கோ. அந்த நேரம் போனுகளில வைஃபையை நிப்பாட்டி வையுங்கோ.

*3ஆம் மாடி ரீச்சர், 7.31*
94!

*2ஆம் மாடி தம்பி, 7.32*
100 எம்பிபிஎஸ் வரைக்கும் போற வயர்ப் போர்ட்டில 94 வந்தா அது முழுசு. லைனில பிழை இல்லை. இப்ப வயரைக் கழட்டிட்டு, மகளின்ர அறையில இருந்து பிங் 192.168.1.1 அடியுங்கோ. உங்கட ரூட்டருக்கு வேற இலக்கமெண்டா பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கும். இது வெளியில போகாது, ரூட்டரைத் தொட்டிட்டுத் திரும்பி வரும். வாற இலக்கம் அதுக்கு எடுத்த மில்லிசெக்கன்.

*3ஆம் மாடி ரீச்சர், 7.38*
3, 5, 210, 4, 388. பிறகு ஒண்டு திரும்பி வரவே இல்லை.

*2ஆம் மாடி தம்பி, 7.39*
பழுது அதுதான். அடுத்த அறையில இருக்கிற பெட்டிக்கே போய் வர இந்தப் பாடு. ரூட்டர் எங்க வச்சிருக்கிறியள்?

*3ஆம் மாடி ரீச்சர், 7.40*
ஹோலில, ரிவிக்குப் பின்னால. பக்கத்தில மீன் தொட்டி. பெட்டி பழசு, 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான்.

*2ஆம் மாடி தம்பி, 7.42*
தண்ணி சிக்னலை உறிஞ்சும், ரிவியின்ர தகடு மறைக்கும். புத்தக அலுமாரிக்கு மேல தூக்கி வையுங்கோ. நான் படிக்கட்டில நிண்டு, சுத்திவர இருக்கிற வைஃபையளைக் காட்டிற அனலைசர் ஆப்பில பாக்கிறன்.

*3ஆம் மாடி ரீச்சர், 7.55*
அதே ஆப்பை நானும் போட்டன். அறைக்குள்ள சிக்னல் கழித்தல் 76 இருந்தது, இப்ப கழித்தல் 59, பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லம். ஆனா பிங் இன்னும் இடைக்கிட 150க்குப் பாயுது.

*2ஆம் மாடி தம்பி, 8.03*
இதுக்கு நாங்கள் எல்லாரும் சேரோணும். 2.4இல மட்டும் 27 வைஃபை தெரியுது. எங்கட கட்டடத்திலயே நாலு வீடு 3, 4, 8, 9 சனல்களில (2.4ஐப் பிரிச்ச அலைப் பாதையள்) நிக்குது. சனலுக்குச் சனல் இடைவெளி 5 மெகாஹேர்ட்ஸ், ஆனா ஒரு ரூட்டர் பிடிக்கிற அகலம் 20. அதாலதான் 1, 6, 11 மூண்டும் ஒண்டோட ஒண்டு முட்டாது. ரெண்டு பேர் ஒரே சனலில இருந்தாலும் பரவாயில்லை, ஒண்டையொண்டு கேட்டு முறை வச்சுக் கதைக்கும். இடையில 3, 4 எண்டு நிண்டா 1க்கும் இரைச்சல், 6க்கும் இரைச்சல். காலமையில சனம் வேலைக்குப் போயிடும், அப்ப தெரியாது. ஆறரைக்கு எல்லா வீட்டிலயும் ஒண்டாத் தொடங்கும்.

*5ஆம் மாடி அண்ணை, 8.06*
என்ர 9இலதான் நிக்குது தம்பி. அகலம் 40 எண்டும் காட்டுது, கூட வச்சா வேகம் எண்டு நான்தான் மாத்தினனான்.

*2ஆம் மாடி தம்பி, 8.08*
இந்த நெரிசலில 40 சரிவராது அண்ணை, 20 ஆக்குங்கோ. சனலை இப்பிடி வைப்பம்: 2ஆம் மாடி 1, 3ஆம் மாடி 6, 4ஆம் மாடி 11, 5ஆம் மாடி திரும்ப 1. தரைமாடி 11. ரூட்டர் தானாச் சனல் தெரிவுசெய்யிற 'ஓட்டோ' செற்றிங்கை எடுத்துவிடுங்கோ, இல்லாட்டி தானா மாறிப்போம்.

*தரைமாடி மாமா, 8.10*
எனக்கு உதுக்குள்ள போகத் தெரியாது. வந்து செய்து தா ராசா.

*4ஆம் மாடி அன்ரி, 8.11*
அப்பிடியே இஞ்சயும் ஏறி வாங்கோ தம்பி. தோசை சுடுறன்.

*3ஆம் மாடி ரீச்சர், மறுநாள் 7.20*
வகுப்பு நடந்துகொண்டிருக்கு. நேற்று அடிச்ச அதே நேரம், அதே அறை. பிங் 3, 4, 4, 6, 3. சேர் கேட்ட கேள்விக்கு இப்பதான் மகள் மைக்கைத் திறந்து விடை சொன்னவள்.