பட்டறை வீடு, பட்டர்வொர்த், மலேசியா (குடும்பக் குழு)

செவ்வாய்க்கிழமை

சரசு 7:02: எல்லாருக்கும் சொல்றேன். சனிக்கிழமை அப்பா வருஷத் திதி. ஐயர் 10 மணிக்கு வராரு. 12க்குள்ள படையல் போட்டுடணும். யார் யார் வரீங்க, இலை எத்தனைன்னு சொன்னாத்தான் பாசார்ல சொல்லி வைக்க முடியும்

கோவிந்தன் 7:05: நாங்க 4

தினேஷ் 7:05: நான் வெள்ளி ராத்திரி கே.எல்.ல பஸ் ஏறிடுவேன்

ராஜம் 7:06: பஸ் வேணாம். இ.டி.எஸ். ரயில்ல வா

தினேஷ் 7:06: டிக்கெட் முடிஞ்சிருச்சும்மா

சேகர் 7:09: அக்கா சின்ன சிக்கல். யாழினிக்கு அன்னிக்குக் காலையிலதான் பேச்சுப் போட்டி. கடல் தாண்டி ஜார்ஜ்டவுன்ல 9 மணிக்கு

சரசு 7:09: அன்னிக்கேவா

மல்லிகா 7:10: தேதி மாத்த முடியாதாம் அண்ணி. கேட்டுப் பாத்துட்டோம்

ராஜம் 7:11: என்ன தலைப்பு கண்ணு

யாழினி 7:11: நான் மதிக்கும் எளிய மனிதர். கியோர்க் எல்சர் பத்திப் பேசப் போறேன் பெரியம்மா

ராஜம் 7:12: யாரு அது

யாழினி 7:12: ஹிட்லரக் கொல்லப் பாத்த தச்சர்

ராஜம் 7:13: கொலை பண்ணப் போனவனப் பத்தியா. வேற ஆளே கெடைக்கலையா உனக்கு

ராஜம் 7:13: காந்தி இருக்காரு

தினேஷ் 7:14: துன் சம்பந்தன் இருக்காரு

சரசு 7:14: இலை எத்தனை????

கோவிந்தன் 7:20: (பலமுறை பகிரப்பட்டது) *ஹிட்லரைக் கொல்லப் போனவன் ஹிட்லரின் சொந்த ஆளே!!!* குண்டு வெடிக்க 13 நிமிடம் முன்பு ஹிட்லர் கிளம்பியது எப்படி? சிறையில் அவனுக்கு ராஜ உபசாரம் ஏன்? வரலாறு மறைத்த உண்மை! 10 பேருக்குப் பகிரவும்

கோவிந்தன் 7:20: இத படிச்சிட்டுப் பேசச் சொல்லு புள்ளைய

கவிதா 7:21: மணி மாமா எங்க இருந்தாலும் மேடைக்கு வரவும்

தினேஷ் 7:22: ரொம்ப நேரமா டைப் பண்ணிக்கிட்டு இருக்காரு

மணி 7:31: அண்ணே, இந்தப் புரளிக்கு வயசு 80க்கு மேல. குண்டு வெடிச்ச மறுநாளே ஆரம்பிச்சது. 13 நிமிஷத்துக்கு அப்புறம் வரேன், மொதல்ல ஆள் யாருன்னு தெரிஞ்சிக்குங்க. பொறந்தது 1903 ஜனவரி 4, தென் ஜெர்மனியில ஹெர்மாரிங்கன்ங்கிற ஊர்ல. வளந்தது கோனிக்ஸ்ப்ரோன்ல. அப்பா மர வியாபாரி, கொஞ்சம் நெலமும் உண்டு. எல்சர்தான் மூத்த புள்ள. அப்பா ராத்திரி குடிச்சிட்டு வந்தா வீட்ல யாரும் தூங்க முடியாது. மாடு, வயல், மர வேலை, தம்பி தங்கச்சிங்க எல்லாம் இந்தப் பையன் தலையில. படிப்பு சுமார்தான். படம் வரையறதுலயும் எழுத்து அழகுலயும் மட்டும் கெட்டி.

சரசு 7:33: குடிக்கிற அப்பன் எல்லா ஊர்லயும் இருக்கான்

கோவிந்தன் 7:33: யாரச் சொல்ற

சரசு 7:34: பொதுவா சொன்னேன் அண்ணே. அப்பா பேரச் சொல்ற வாரத்துல நான் சண்டைக்கு வரல

ராஜம் 7:34: பாயாசம் நான் செஞ்சு எடுத்தாறேன். பால் பாயாசமா பருப்பா

மணி 7:40: 14 வயசுல ஊர் இரும்பாலைக்குக் கடைசல் வேலை பழகப் போனாரு. உடம்பு ஒத்துக்கல, விட்டுட்டாரு. அதுக்கப்புறம்தான் தச்சு வேலை. 1922ல தொழிற்பள்ளிப் பரிட்சையில அந்த வருஷத்துப் பசங்கள்லயே மொத ஆளா வந்தாரு. சும்மா பலகை அறுக்கிற ஆள் இல்ல, நாற்காலி மேசையில பூட்டுவாய் தெரியாம இழைக்கிற கை. 1925ல வீட்ட விட்டுக் கெளம்பி கான்ஸ்டன்ஸ் ஏரிப் பக்கம் போனாரு. மொதல்ல விமானக் கம்பெனியில மரத்துல புரொப்பெல்லர் செய்யற வேலை, அப்புறம் கடிகாரத் தொழிற்சாலை. கொஞ்ச நாள் எல்லை தாண்டிப் போய் சுவிட்சர்லாந்துலயும் வேலை செஞ்சாரு. கடிகாரம், எல்லை ரெண்டையும் ஞாபகம் வச்சுக்குங்க. பின்னாடி வரும்.

தினேஷ் 7:41: சித்தப்பா கிளாஸ் எடுக்கறாரு எல்லாரும் அட்டெண்டன்ஸ் போடுங்க

கவிதா 7:41: ஆஜர்

யாழினி 7:42: ஸிதரும் வாசிப்பாரு. நரம்பு வாத்தியம். நடனக் குழுவுல எல்லாம் வாசிச்சிருக்காரு. அதிகம் பேச மாட்டாரு ஆனா வாசிக்கக் கூப்ட்டா வந்துடுவாரு

சேகர் 7:43: நம்ம அப்பா ஆர்மோனியம் மாதிரி

சரசு 7:43: ஆர்மோனியம் யார்ட்ட இருக்கு இப்ப

(பதில் இல்லை)

சரசு 7:50: சரி அதுவும் தெரியல. இலை 22 போடவா

மல்லிகா 7:52: படையல 1 மணிக்கு வைக்க முடியுமான்னு ஐயர்ட்ட கேளுங்களேன் அண்ணி. போட்டி 11க்கு முடிஞ்சிடும். பாலத்துல ஜாம் இல்லன்னா 12க்குள்ள வந்துடுவோம்

ராஜம் 7:53: சனிக்கிழம பாலத்துல ஜாம் இல்லாம இருக்குமா

தினேஷ் 7:53: ஃபெரில வாங்க

சேகர் 7:54: ஃபெரில இப்ப கார் ஏத்த மாட்டாங்கடா. அம்மாவ வேற மேடை பாக்கக் கூட்டிட்டுப் போகணும்னு இவ சொல்றா

சரசு 7:55: அம்மாவையா. திதி அன்னிக்கா

ராஜம் 7:56: எனக்கு ஒண்ணு புரியல மணி. தச்சு வேலை பாத்துக்கிட்டு வாத்தியம் வாசிச்சுக்கிட்டு இருந்தவன் எதுக்கு கொலைக்குப் போகணும்? மூளை கெட்டுப் போச்சா?

மணி 8:07: நல்ல கேள்வி அண்ணி. பைத்தியம் இல்ல, பெரிய கட்சிக்காரரும் இல்ல. கம்யூனிஸ்ட் கட்சி பக்கம் ஓட்டுப் போட்டிருக்காரு, அவங்க அணி ஒண்ணுல பேரும் குடுத்திருக்காரு, ஆனா கூட்டத்துல எந்திரிச்சுப் பேசற ஆள் கெடையாது. புடிபட்டப்புறம் பெர்லின்ல ரகசிய போலீஸ்காரன் அஞ்சு நாள் கேள்வி கேட்டான். அதுல மொதல்ல என்ன சொன்னாரு தெரியுமா? கூலிக் கணக்கு! 1929ல தச்சனுக்கு மணிக்கு 1 மார்க், இப்ப 68 பெனிங்தான் (100 பெனிங் ஒரு மார்க்). அப்ப வாரத்துக்கு 50 மார்க் வாங்கினப்ப என்ன பிடிச்சாங்களோ அதே பிடித்தம் இப்ப 25 மார்க்குக்கு. தொழிலாளி நெனச்ச எடத்துல வேலைக்குப் போக முடியல, பிள்ளைங்கள பெத்தவங்க பேச்சுல வளக்க முடியல, சாமி கும்புடறதுலயும் தலையிடறாங்க. 1938ல செக்கோஸ்லோவாக்கியாவுல ஒரு பகுதிய ஹிட்லருக்குத் தூக்கிக் குடுத்த மியூனிக் ஒப்பந்தம் வந்ததும் இவருக்குத் தெளிவாயிடுச்சு. ஹிட்லர் அதோட நிக்க மாட்டான், போர் வரும்னு. இன்னும் பெரிய ரத்தக்களரி வராம தடுக்கத்தான் செஞ்சேன்னு அந்த வாக்குமூலத்துல இருக்கு. உலகத்துல எத்தனை மந்திரி, தளபதி சும்மா இருந்தப்ப ஒரு கூலித் தொழிலாளிக்கு இது புரிஞ்சிருக்கு அண்ணி. அதான் எனக்கு அந்த ஆள் மேல இவ்ளோ மரியாதை.

கவிதா 8:09: ரேடியோவுல ஹிட்லர் பேசினா எந்திரிச்சுப் போயிடுவாராமே? யாழினி சொன்னா

யாழினி 8:09: ஆமாக்கா. அந்த சல்யூட்டும் வைக்க மாட்டாராம்

கோவிந்தன் 8:10: 13 நிமிஷம்???

மணி 8:21: வரேன் அண்ணே. வருஷா வருஷம் நவம்பர் 8 ராத்திரி மியூனிக்ல ஒரு பெரிய பீர் மண்டபத்துல ஹிட்லர் பேசுவான். 1938ல எல்சர் நேர்ல போயி எடத்தப் பாத்துட்டு வந்தாரு. மேடைக்குப் பின்னாடி ஒரு தூண், அதுக்கு மரப்பலகை போத்தியிருக்கு. மரம்! அது போதும் தச்சனுக்கு. 1939 ஆகஸ்ட்ல மியூனிக்ல ரூம் எடுத்துத் தங்கினாரு. 30லேர்ந்து 35 ராத்திரி, சாயங்காலம் அந்த மண்டபத்துல சாப்புட்டுட்டு மாடியில ஒளிஞ்சிக்கிட்டு, கதவு பூட்டினப்புறம் முட்டி போட்டு வேலை. பலகையில வெளிய தெரியாத ஒரு கதவு செஞ்சாரு. செங்கல் தூள ஒரு பையில சேத்துப் பெட்டியில வெளிய கொண்டு போயிடுவாரு. முட்டி ரெண்டும் புண்ணாயிடுச்சு. ஆறு நாள் முன்னாடியே நேரம் வைக்கக்கூடிய கடிகாரம், சத்தம் கேக்காம இருக்க உள்பக்கம் தக்கை. எல்லாம் ஒத்தக் கை வேலை.

மணி 8:26: இப்ப 13 நிமிஷம். ஹிட்லர் வழக்கமா 10 மணி வரைக்கும் இருப்பான். அன்னிக்கு ராத்திரியே பெர்லின் திரும்பணும். மூடுபனி, விமானம் பறக்காது. ரயிலப் பிடிக்கணும்னு பேச்ச சுருக்கிட்டு 9:07க்குக் கெளம்பிட்டான். குண்டு 9:20க்கு வெடிச்சிது. பனிதான் அண்ணே. உள்ளாளு கெடையாது. எல்சர் வெடிக்கறதுக்கு முன்னாடியே 8:45க்கு சுவிஸ் எல்லையில மாட்டிக்கிட்டாரு.

தினேஷ் 8:27: ஐயோ

சேகர் 8:28: 13 நிமிஷம்...

ராஜம் 8:29: செத்தது யாரு அப்ப

யாழினி 8:30: 8 பேர் பெரியம்மா. 60 பேருக்கு மேல காயம். அதுல ஒருத்தங்க அங்க பரிமாறிக்கிட்டு இருந்த அக்கா. கட்சிக்காரங்க கெடையாது. அவங்களப் பத்தியும் பேச்சுல சொல்லப் போறேன். விட்டுட்டுப் பேசினா எனக்கு மனசு கேக்காது

ராஜம் 8:31: ம். அதச் சொல்லு. கண்டிப்பா சொல்லு

மல்லிகா 8:32: டீச்சர் 5 நிமிஷம்தான்னு சொல்லியிருக்காங்க, இது அரை மணி நேரம் ஆகும் போல

கோவிந்தன் 8:35: ராஜ உபசாரம்?

மணி 8:44: ஜெயில்ல தனி அறை, ஒரு வேலை மேசை, கொஞ்சம் மரம் குடுத்தான். அந்த மரத்துல இவரே ஒரு ஸிதர் செஞ்சாரு. எதுக்குக் குடுத்தான்? போர்ல ஜெயிச்சப்புறம் இவர மேடையில நிறுத்தி, "இங்கிலாந்துக்காரன்தான் அனுப்பினான்"னு பெரிய விசாரணை நடத்திக் காட்டணும். அதுவரைக்கும் உயிரோட வேணும். அவ்வளவுதான் உபசாரம். தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் 1945 ஏப்ரல் 9, டாக்காவ் வதை முகாம்ல சுட்டுக் கொன்னுட்டான். அமெரிக்கப் படை அங்க வந்தது ஏப்ரல் 29. இருபது நாள்! ஆனா கூட இருந்த கைதிங்க இத வெளியில இருந்து பாத்துட்டு, இவன் அவங்க ஆளுன்னு முடிவு கட்டிட்டாங்க. நீமுல்லர்னு பேர்பெற்ற போதகர், அவரும் முகாம்ல இருந்தவரு, போர் முடிஞ்சதும் இதையே மேடையில சொல்லிட்டாரு. எல்சரோட அம்மா 1946ல அவருக்கு லெட்டர் எழுதினாங்க, எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்லன்னு. 1964ல அந்த போலீஸ் வாக்குமூலம் அரசாங்கக் கோப்புல கெடைச்சு, 70ல அச்சுல வந்தப்புறம்தான் ஜனங்க நம்பினாங்க. பெத்தவ சொல்லு எடுபடல, அவர சித்திரவதை பண்ணினவன் எழுதி வச்ச காகிதம் எடுபட்டுச்சு. எனக்கு இன்னும் ஆறல அண்ணே.

கவிதா 8:50: பாட்டிக்குப் படிச்சுக் காட்டினேன். பேசணும்ங்கறாங்க

கவிதா 8:52: (குரல் பதிவு 0:38)

தினேஷ் 8:53: பஸ்ல இருக்கேன் கேக்க முடியல என்ன சொல்றாங்க

கவிதா 8:55: "அந்தக் குடும்பத்த என்ன பண்ணானுங்க"ன்னு கேக்கறாங்க

மணி 8:58: எல்சரோட அம்மாவையும் கூடப் பொறந்தவங்களையும் பிடிச்சு பெர்லினுக்குக் கொண்டு போயிட்டான். தங்கச்சியும் அவ புருஷனும் ஒரு வருஷத்துக்கு மேல உள்ள. வேடிக்கை என்னன்னா வீட்டுப் பங்குத் தகராறுல எல்சருக்கும் அவரோட அம்மாவுக்கும் தம்பிக்கும் பேச்சே இல்ல அப்ப. யாருக்கும் ஒண்ணும் தெரியாது. தெரியாத குத்தத்துக்கு அடி வாங்கினாங்க.

சரசு 8:59: வீட்டுப் பங்கு எந்த ஊர்லயும் விடாது போல

கோவிந்தன் 9:00: சரசு திரும்ப ஆரம்பிக்காத

சேகர் 9:02: எனக்கு ஒண்ணு தோணுது. ஒரு தச்சன் தனியா இவ்ளோ செய்வான்னு யாராலயும் நம்ப முடியல. அதான் எல்லாக் கதையும். கோயில் கதவு அப்பா இழைச்சது, கல்வெட்டுல யார் பேரு இருக்கு?

மணி 9:02: அதேதான்டா

ராஜம் 9:03: மாமா ஒரு நாள் கூட அதக் கேட்டதில்ல. நாமதான் கேட்டிருக்கணும்

யாழினி 9:06: கோவிந்தன் பெரியப்பா ஒண்ணு கேக்கலாமா

கோவிந்தன் 9:06: கேளு

யாழினி 9:07: தாத்தாவோட இழைப்புளி மேடைக்கு எடுத்துட்டுப் போகணும். தச்சர் கைன்னா என்னன்னு காட்டறதுக்கு. பெட்டி உங்ககிட்டதானே இருக்கு

சரசு 9:07: இருக்கா முதல்ல

கோவிந்தன் 9:08: எங்கிட்ட இருந்தா என்ன. வித்துட்டேன்னு ஊர் பூரா சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும். உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் எல்லாம் எண்ணெ போட்டு வச்சிருக்கேன்

சரசு 9:09: நான் சொல்லல

ராஜம் 9:09: இப்ப எதுக்கு அது

மணி 9:10: அண்ணே அப்ப பெட்டிய சனிக்கிழம படையல்ல வைக்கலாமே. அப்பா முன்னாடி

கோவிந்தன் 9:12: பெட்டி வேணும்னா எடுத்தாறேன். அப்புறம் திரும்ப எடுத்துட்டுப் போவேன்

சரசு 9:12: அத அப்ப பேசிக்கலாம்

மல்லிகா 9:13: ஆனா போட்டி 9 மணிக்கு மாமா. இழைப்புளி காலையிலயே ஜார்ஜ்டவுன்ல இருக்கணும்

கோவிந்தன் 9:15: நான் புக்கிட் மெர்தாஜாம்ல இருந்து பாலம் தாண்டி அங்க வந்துட்டு திரும்பவும் பட்டர்வொர்த்தா? சூசாலா, கஷ்டம்

தினேஷ் 9:16: வெள்ளி ராத்திரி நான் வந்து எடுத்துட்டுப் போய் குடுக்கறேன்ப்பா

ராஜம் 9:16: நீ பஸ்ல விடியக்காலம்தான் வருவ

தினேஷ் 9:17: அதுக்குள்ள எந்திரிச்சிடுவீங்கதானே

யாழினி 9:20: பெரியப்பா நீங்களே எடுத்துட்டு வந்து முன்வரிசையில உக்காருங்க. பாட்டியும் வரட்டும். ப்ளீஸ்

கோவிந்தன் 9:27: பாக்கலாம்

மணி 9:28: அண்ணே நான் வண்டி ஓட்டறேன். அம்மா முன்னாடி, நீங்க அண்ணி பின்னாடி. வழியில மிச்ச கதையும் சொல்றேன்

கவிதா 9:28: பெரிய மாமா தனியா வருவாரு அப்ப

சரசு 9:30: ஐயர் 1 மணிக்கு ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல. நாளைக்குக் காலையில போன் பண்றேன். இலை 22ன்னு எழுதிட்டேன், கூடக் குறைய இருந்தா இப்பவே சொல்லுங்க

ராஜம் 9:31: பால் பாயாசமா பருப்பான்னு கேட்டேனே

கோவிந்தன் 9:33: பருப்பு. அப்பாவுக்குப் பருப்புதான்

சரசு 9:33: அப்பாவுக்குப் பால் பாயாசம்தான் அண்ணே பிடிக்கும்