ஆசியாவின் முதல் வானொலி கொழும்பா? எவன் சொன்னான்?

வால்வு அண்ணாச்சி | இரவு 8.05
இன்னைக்குக் காலையில இருந்து மூணு வாட்ஸ்ஆப் குரூப்புல ஒரே படம். பழைய ரேடியோப் பெட்டி, மேல ஒரு ரோசாப்பூ, கீழ "டிசம்பர் 16, 1925, ஆசியாவின் முதல் வானொலி இலங்கை வானொலி பிறந்த நாள், உலகத்திலேயே இரண்டாவது"ன்னு எழுத்து. நம்ம ஆளுவளே கைகூப்பி, பூப்போட்டு, பகிர்ந்துட்டு இருக்கான். நாப்பது வருசம் ரேடியோ ரிப்பேர் பாத்தவன் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப் 1924 ஜூலை 31லயே ஒலிபரப்பு ஆரம்பிச்சாச்சு. கிருஷ்ணசாமி செட்டின்னு ஒரு மனுசன், சீமையில இருந்து சாமானைக் கொண்டுவந்து பூட்டி, பேச வச்சாரு. 1924 முந்தியா, 1925 முந்தியா? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லிரும். இதுக்கு மேல பேச என்ன இருக்கு?

கொக்குவிலான் | 8.19
பேச நிறைய இருக்கு அண்ணை. கிளப் எண்டால் என்ன, நிலையம் எண்டால் என்ன? நாலு பேர் கூடி 40 வாட் கருவியில ஊதினதை வானொலி எண்டு சொன்னால் எங்கட ஊர் கோயில் குழாயும் வானொலிதான். கொழும்பில எட்வர்ட் ஹார்ப்பர் எண்ட தந்திப் பொறியியலாளர் 1923லயே தந்தி அலுவலகத்தில இருந்து சோதிச்சுப் பாத்தவர். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியில கழட்டின கருவியை வச்சு பாட்டுத் தட்டு போட்டவர். 1923 முந்தியோ, 1924 முந்தியோ? உங்கட ஒண்டாம் வகுப்புப் பிள்ளையையே கேளுங்கோ.

வால்வு அண்ணாச்சி | 8.24
சோதனை வேற, ஒலிபரப்பு வேற வே. நானும் 1971ல சோதனை பண்ணுனேன். பக்கத்து வீட்டு பெட்டியில என் குரல் வந்துச்சு. அவுக பாட்டி சாமி பேசுதுன்னு சூடம் கொளுத்திட்டா. மறுநாளே எங்கப்பா வந்து ஒயரைப் பிடுங்கி எறிஞ்சாரு. அதுக்காவ திசையன்விளை வானொலி நிலையம்னு போர்டு மாட்டவா?

கொக்குவிலான் | 8.27
அதைத்தான் நானும் சொல்லுறன். உங்கட கிளப்பும் அந்தச் சூடம் கேஸ்தான்.

சேப்பாக்கம் மணி | 8.31
கொக்குவிலான் சார், 40 வாட்னு நக்கல் வேணாம். அப்புறம் அந்த கிளப்பே பவரை ஏத்துச்சு. பணம் இல்லாம 1927ல மூட வேண்டியதாப் போச்சு, அவ்ளோதான். கருவியை எங்க கார்ப்பரேஷன் கிட்ட குடுத்தாங்க. 1930 ஏப்ரல் 1ல இருந்து கார்ப்பரேஷனே தினம் சாயங்காலம் ஒலிபரப்புச்சு. மெரினாவுல குழாய் கட்டி காத்து வாங்க வர்ற ஜனத்துக்குப் பாட்டு போட்டாங்க. ஒரு மாநகராட்சி ரேடியோ நடத்துன ஊரு இது. உங்க ஊர்ல உண்டா?

கொக்குவிலான் | 8.34
மூடினதை நீங்களே சொல்லிப்போட்டீங்கள். நன்றி. கொழும்பு 1925இல தொடங்கி இண்டைக்கு வரைக்கும் அறாமல் ஒலிக்குது. மூண்டு வருசத்தில பூட்டின கடைக்கு நூற்றாண்டு விழாவோ?

வால்வு அண்ணாச்சி | 8.36
மணி, நீரு யாரு பக்கம்? மூடுன கதையை இப்ப எவன் கேட்டான்? முதல்ல பொறந்த பிள்ளை செத்துப்போனா ரெண்டாவது பிள்ளை தலைச்சன் ஆயிருமா?

தேதிப்பிரியன் | 8.40
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இருவருமே தவறு. ஷாங்காயில் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்கர் 1923 ஜனவரியிலேயே நிலையம் நடத்தினார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரேடியோ கிளப்புகள் அதே 1923ல். டோக்கியோ 1925 மார்ச்சில், அதாவது கொழும்புக்கு ஒன்பது மாதம் முன்னால். ஆகவே முதலில் "வானொலி" என்றால் என்ன என்று தீர்மானித்துக்கொள்வோம். உரிமம் வேண்டுமா, தினசரி நிகழ்ச்சி வேண்டுமா, அரசு நடத்த வேண்டுமா? வரையறை இல்லாமல்

வால்வு அண்ணாச்சி | 8.41
சீனாக்காரன் கதை இங்க எதுக்கு? நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. 1924 முந்தியா 1925 முந்தியா?

கொக்குவிலான் | 8.41
அதே. ஷாங்காயை விடுங்கோ.

தேதிப்பிரியன் | 8.43
ஆனால் படத்தில் "ஆசியாவின் முதல்" என்றுதானே போட்டிருக்கிறது? ஷாங்காய் ஆசியாவில்தானே இருக்கிறது?

காவிரிக்கரை | 8.50
எல்லாரும் தலைநகரத்துக் கதையே பேசுங்க. 1939ல தொடங்குன திருச்சி நிலையத்தை ஒருத்தர் வாயில எடுக்கலை. "வீடும் வயலும்" கேட்டுத்தான் எங்கப்பா நாத்து நட்டாரு. எந்தப் பூச்சிக்கு எந்த மருந்துன்னு ரேடியோ அண்ணன் சொல்லணும், அப்பதான் கடைக்குப் போவாரு. முதலாவதா வந்தா என்ன, நூறாவதா வந்தா என்ன, விவசாயி காதுல விழுந்துச்சாங்கறதுதான் கணக்கு.

சேப்பாக்கம் மணி | 8.52
நெல்லுக்கு ரேடியோ கேட்டவங்க இருக்காங்க, சரி. ஆனா பாட்டு கேக்க அந்தத் திருச்சிக்காரங்களே எங்க போனாங்க? சிலோனுக்கு.

மன்னார் மலர் | 8.58
அப்பிடிப் போடுங்கோ தம்பி. கேஸ்கர் எண்டு உங்கட மந்திரி ஒருத்தர் 1952இல சினிமாப் பாட்டே வேண்டாம் எண்டு நிண்டவர். ஆர்மோனியப் பெட்டியை அதுக்கும் முன்னமே, 1940இலயே, ரேடியோவில தடை செய்து போட்டீங்கள். 1971 வரைக்கும் அந்தத் தடை. பெட்டிக்கே தடை போட்டவை இண்டைக்கு முதல் வானொலி எண்டு சண்டைக்கு வரினம். நீங்கள் பூட்டின பாட்டை நாங்கள்தான் கடலுக்கு இங்கால இருந்து திறந்து விட்டது. விவித பாரதி வரவே 1957 ஆச்சு. அதுவும் எங்களைப் பாத்து.

வால்வு அண்ணாச்சி | 9.10
அம்மா, நீங்க சொல்லுத பாட்டு விசயத்துல எனக்கு மறுப்பே கிடையாது. எங்க வீட்டு பெட்டி வால்வு செட்டு. சுவிட்சைப் போட்டா ஒடனே பேசாது. ஒரு நிமிசம் சூடாவணும், தூசி கருகுத வாடை வரும், பெறகு பச்சைக் கண்ணு மெதுவாத் திறக்கும். அந்தக் கண்ணுக்குள்ள நிழல் குறுகி ரெண்டு பக்கத்துப் பச்சையும் ஒண்ணோடொண்ணு முட்டுச்சுன்னா ஸ்டேசன் சரியா நிக்கின்னு அர்த்தம். ரெண்டு பனைமரத்துக்கு நடுவுல ஏரியல் கம்பி. நான் குமிழைத் திருப்புவேன், எங்கக்கா கண்ணைப் பாத்து "நில்லு நில்லு"ம்பா. உப்புத் தண்ணி மேல மத்திய அலை வழுக்கிட்டு வரும், அதனால கடக்கரைப் பக்கம் நமக்குக் கொழும்பு பளிச்சுன்னு விழும். திருநெல்வேலி நிலையம் 1963ல வந்த பெறவும் எங்க தெருவுல "பொங்கும் பூம்புனல்" கேக்காத வீடு கிடையாது. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது, இவுக பேச்சைக் கேட்டுத்தான் நான் தமிழே ஒழுங்காப் பேசுனேன். அதெல்லாம் ஒத்துக்கிடுதேன்.

ஆனா பாட்டு நல்லாப் போட்டா பொறந்த தேதி மாறிருமா? 1924 முந்தியா 1925 முந்தியா?

மன்னார் மலர் | 9.14
இவ்வளவு வடிவா எழுதிப்போட்டு கடைசியில திருப்பியும் அதோ!

சேப்பாக்கம் மணி | 9.17
அண்ணாச்சி தமிழ் ஒழுங்காப் பேசினாராம். மேல "நிக்கி"ன்னு எழுதியிருக்கார், பாத்தீங்களா?

வால்வு அண்ணாச்சி | 9.18
எங்கூருல நிக்கிதான் வே. உங்க ஊருல நிக்குது. நிக்கட்டும்.

காவிரிக்கரை | 9.22
தமிழ்னு வந்துட்டதால கேக்குறேன். மெட்ராஸ்காரங்க "ஆகாசவாணி"ன்னு இன்னும் சொல்றீங்களே, எத்தனை பேர் போராடி "வானொலி"ன்னு வாங்கினோம்? 2023ல திரும்ப எல்லாத்தையும் ஆகாசவாணி ஆக்கிட்டாங்க. அந்தப் பேரே மைசூர்ல கோபாலசாமிங்கிறவர் 1930கள்ல சொந்தமா நடத்துன நிலையத்துப் பேரு. இதுக்கு ஒரு சண்டை போடுங்கய்யா, புண்ணியமாப் போகும்.

சேப்பாக்கம் மணி | 9.25
நான் எப்ப ஆகாசவாணின்னு சொன்னேன்? மேல போய்ப் பாருங்க. ஒரு இடத்துல காட்டுங்க.

காவிரிக்கரை | 9.26
இந்தத் திரியில இல்லை. போன ஆடி மாசத்துத் திரியில சொன்னீங்க.

சேப்பாக்கம் மணி | 9.27
ஆடி மாசம் சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசிப்பைப் பத்திப் பேசினோம். அவங்க ஆரம்பிச்சதே அந்த வார்த்தையில. நான் அவங்களை மாதிரி எழுதிக் காட்டினேன். அதை எட்டு மாசமா நெஞ்சுல வச்சிருக்கீங்களா?

காவிரிக்கரை | 9.28
ஆடியில இருந்து மார்கழிக்கு அஞ்சு மாசம். கணக்கும் வரலை.

கொக்குவிலான் | 9.35
நேரடியாக ஒரு கேள்வி, அண்ணை. கொழும்பில ஆளுநர் வந்து திறந்து வச்சு, ஒழுங்கா நடந்தது வானொலி. உங்கட கிளப்பை ஆர் திறந்தது? எத்தினை வீட்டில பெட்டி இருந்தது?

வால்வு அண்ணாச்சி | 9.39
ஆளுநர் ரிப்பன் வெட்டுனாத்தான் அலை பறக்குமா? அலைக்கு ரிப்பன் தெரியாது வே. ஏரியல்ல கரண்ட் ஓடுச்சுன்னா பறக்கும். அம்புட்டுதான் தொழில். கேக்க ஒரு ஆளு இருந்தாலும் ஒலிபரப்புதான்.

கொக்குவிலான் | 9.40
அப்ப ஹார்ப்பர் 1923இல விட்ட அலை பறக்கேல்லையோ?

வால்வு அண்ணாச்சி | 9.46
அது சோதனை.

தேதிப்பிரியன் | 9.47
இதைத்தான் நான் 8.40க்கே சொன்னேன். வரையறை.

வால்வு அண்ணாச்சி | 9.48
தம்பி, நீங்க சும்மா இருங்க.

சேப்பாக்கம் மணி | 9.55
நேத்து ஒரு நாளிதழ்லயும் "ஆசியாவின் முதல் வானொலி"ன்னு பெட்டிச் செய்தி போட்டிருந்தான். பேர் வேணாம்.

வால்வு அண்ணாச்சி | 9.58
பேப்பர்காரன் வாட்ஸ்ஆப்பைப் பாத்து எழுதுதான், வாட்ஸ்ஆப்காரன் பேப்பரை போட்டோ பிடிச்சுப் போடுதான். எங்க ஊரு கேபிள் டிவியில அதை வாசிக்கான் ஒருத்தன், கழுத்துல டை வேற. பெறகு அதுவே சரித்திரம். அந்தக் காலத்துல எங்க கடையில பெஞ்சு போட்டு நாலு பேப்பர் கிடக்கும். பிழை இருந்தா தபால் கார்டுல எழுதிப் போடுவேன். ரெண்டு தடவை திருத்தம் போட்டிருக்கான். இப்ப எழுதுனா லைக் போட்டுட்டுப் போயிருதான்.

மன்னார் மலர் | 10.04
நீங்கள் எங்களுக்கும் தபால் போட்டனீங்களோ அண்ணாச்சி? நேயர் விருப்பத்துக்கு?

வால்வு அண்ணாச்சி | 10.07
போட்டேன். டொரிங்டன் சதுக்கம், கொழும்புன்னு முகவரி இன்னும் மனப்பாடம். ஒம்போது கடுதாசி. ஒண்ணுலயும் என் பேரை வாசிக்கலை. பக்கத்து தெரு டெய்லர் ஒரே கடுதாசி போட்டான், அவன் பேரு வந்துட்டு. அவன் அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறை.

கொக்குவிலான் | 10.09
ஓகோ! இப்பத்தானே விளங்குது. பேர் வாசிக்காத கோபத்துக்குத்தான் 1924ஐத் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்.

வால்வு அண்ணாச்சி | 10.10
அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கோவம் தனி. இது சரித்திரம்.

சேப்பாக்கம் மணி | 10.14
கோவம்னதும் ஞாபகம் வருது. போன பொங்கலுக்கு என் தாத்தா மர்பி செட்டை ரிப்பேருக்கு அனுப்பினேனே அண்ணாச்சி. பாட்டு வருது. ஆனா முள் ஒரு இடத்துல நிக்குது, ஸ்டேஷன் வேற இடத்துல பேசுது.

வால்வு அண்ணாச்சி | 10.16
லாரி சர்வீசுல குலுங்கியிருக்கும். நான் அனுப்பும்போது முள்ளு சரியாத்தான் இருந்துச்சு. ரிப்பேருக்குக் காசு குடுத்தீரா நீரு? வால்வு ரெண்டு என் கையில இருந்து போட்டது.

சேப்பாக்கம் மணி | 10.17
குடுத்தேன். ஜிபே பண்ணினேன்.

வால்வு அண்ணாச்சி | 10.18
பாதிதான் வந்துச்சு.

காவிரிக்கரை | 10.20
இதுதான் நல்ல திரி. ஆசியாவுல ஆரம்பிச்சு ஜிபேல வந்து நிக்குது.

கொக்குவிலான் | 10.31
இஞ்ச டொரன்டோவில இப்ப மத்தியானம். வெளியில பனி. வேலைக்குப் போக முதல் ஒரு வசனம் சொல்லிப்போட்டுப் போறன். தொடர்ந்து நடந்த நிலையம் கொழும்பு. மற்றதெல்லாம் கழகம், சங்கம், மன்றம். அவ்வளவுதான்.

வால்வு அண்ணாச்சி | 10.33
போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போரும். 1924 முந்தியா 1925 முந்தியா?

கொக்குவிலான் | 10.34
1923 முந்தி.

தேதிப்பிரியன் | 10.36
அப்படியானால் ஷாங்காய்.

வால்வு அண்ணாச்சி | 10.40
நான் தூங்கப் போறேன். பி.பி. மாத்திரை போட்டாச்சு. இனி இந்தத் திரியில எழுத மாட்டேன்.

வால்வு அண்ணாச்சி | 10.52
இன்னொண்ணு. அறாம ஒலிச்சதுதான் கணக்குன்னா, போர்க்காலத்துல கொழும்புல மவுண்ட்பேட்டன் பட்டாளத்துக்காவ நடத்துன ரேடியோவை எந்தக் கணக்குல சேப்பீங்க? அந்தப் பெரிய டிரான்ஸ்மிட்டரை வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனதாலதான் பெறகு அம்புட்டுத் தூரம் கேட்டுச்சு. திறமை பாதி, டிரான்ஸ்மிட்டர் பாதி. மெக்கானிக் சொல்லுதேன்.

மன்னார் மலர் | 10.55
மாத்திரை போட்டாச்சு எண்டனீங்கள்?

புதுவரவு | 11.12
வணக்கம், திரிக்குப் புதுசு. பழைய மர்பி செட்டுல டயல் கயிறு அறுந்துடுச்சு. எங்க கிடைக்கும்? யாராவது சொல்ல முடியுமா?

வால்வு அண்ணாச்சி | 11.14
கடையில இப்ப கிடைக்காது தம்பி. மீன்பிடி நரம்பு வாங்காதீங்க, வழுக்கும். நல்ல முறுக்குள்ள நைலான் நூலா வாங்கி மெழுகு தடவுங்க. திருப்புத குமிழ்த் தண்டுல மூணு சுத்து, பெரிய சக்கரத்துல பள்ளத்தோட ஓட்டி, கடைசியில ஸ்பிரிங்குல மாட்டணும். ஸ்பிரிங் பாதி இழுத்து நிக்கணும், முழுசா இழுத்தா நூலு மறுபடி அத்துரும். முள்ளை மாட்டுததுக்கு முன்னாடி தெரிஞ்ச ஸ்டேசன் ஒண்ணைப் பிடிச்சு வச்சுக்கிடுங்க, இல்லைன்னா மணி செட்டு மாதிரி முள்ளு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் நிக்கும். படம் வேணும்னா காலையில வரைஞ்சு போடுதேன்.

அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லுங்க தம்பி. 1924 முந்தியா, 1925 முந்தியா?